'தி ஃபர்ஸ்ட் லா' முத்தொகுதியின் முடிவு: நான் ஏமாந்தேனா, ஏமாற்றப்பட்டேனா?

பின்னிரவு வாசகன் (கேள்வி)

முதலில் ஓர் எச்சரிக்கை. மூன்று நாவல்களின் முடிவையும் மறைக்காமல் பேசப்போகிறேன். இன்னும் படித்து முடிக்காதவர்கள் இத்துடன் நின்றுகொள்வது நல்லது.

ஜோ அபர்கிராம்பியின் மூன்றாம் நாவலான 'லாஸ்ட் ஆர்க்யுமென்ட் ஆஃப் கிங்ஸ்' நூலை நேற்றுப் பின்னிரவில் முடித்தேன். முடித்ததும் தூக்கம் வரவில்லை. கதை பிடித்திருந்ததா இல்லையா என்று என்னால் இன்னும் சொல்ல முடியவில்லை என்பதால்தான் இங்கே எழுதுகிறேன். மோசமான முடிவு என்றால் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வேறு வேலையைப் பார்த்திருப்பேன். இது அப்படியும் விடவில்லை.

என் குழப்பம் இதுதான். முதல் நாவலில் பயாஸ் என்ற வழுக்கைத் தலைக் கிழவர் வருகிறார். கோபக்காரர், ஆனால் நகைச்சுவை உணர்வு உள்ளவர், பழைய உலகத்தின் முதல் மந்திரவாதி. வழிகாட்டும் முதியவர் என்ற பாத்திரத்தை எத்தனையோ கதைகளில் பார்த்துப் பழகிய நான் அவரை மறுகேள்வி இல்லாமல் நம்பினேன். இரண்டாம் நாவல் முழுவதும் அவர் பின்னால் வடநாட்டுப் போர்வீரன் லோகனும், அடிமையாக இருந்த ஃபெரோவும், அகந்தை பிடித்த இளம் படை அதிகாரி ஜெசலும் உலகத்தின் விளிம்புவரை நடக்கிறார்கள்; அங்கே கிடைப்பது வெறும் கல். தேடிப்போன 'விதை' என்ற மந்திர ஆயுதம் கிளம்பிய நகரத்திலேயே இருந்தது என்பது மூன்றாம் நாவலில் தெரிகிறது. கடைசியில் அந்த விதையைக் கொண்டு பயாஸ் எதிரிகளோடு சேர்த்து ஆதுவா நகரத்தின் இதயத்தையும் அதில் இருந்த மக்களையும் அழிக்கிறார், அதற்காக ஒரு நொடிகூட வருந்துவதில்லை. பிறகு அரசனை மிரட்டுகிறார், வங்கி தன்னுடையது என்கிறார், தனக்கு ஏற்ற ஆளைப் பதவியில் அமர்த்திவிட்டுப் போகிறார். அவ்வளவுதான். யாரும் அவரைத் தட்டிக்கேட்கவில்லை.

ஜெசல் அரசனாகிறான், ஆனால் கைப்பொம்மையாக. லோகன் வடநாட்டின் அரியணையில் ஏறிய சூட்டோடு தன் கூட்டாளி பிளாக் டவ்வின் துரோகத்தால் சாளரத்திலிருந்து ஆற்றில் குதிக்கிறான். ஃபெரோ தலைக்குள் குரல்கள் ஒலிக்கத் தெற்கே போகிறாள். மூன்று நூல்களிலும் நேர்மைக்காக உழைத்த படை அதிகாரி கொலெம் வெஸ்ட், முடியும் பல்லும் உதிர நோய்ப்படுக்கையில் கிடக்கிறான். மூவரையும் நால்வரையும் கூட்டிச் சேர்த்து, கதை நடந்ததால் நன்மை அடைந்தவர் யார் என்று எண்ணிப் பார்த்தால் சித்திரவதைக்காரரான க்ளோக்டாதான் கணக்கில் வருகிறார்.

இருண்ட கற்பனைக் கதை என்றால் இருட்டு இருக்கும் என்று தெரிந்துதான் தொடங்கினேன், அதில் எனக்குப் புகார் இல்லை. எழுத்தாளர் என்னோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தைக் கடைசியில் கிழித்துப் போட்டாரா, அல்லது அந்த ஒப்பந்தத்தின் சிறிய எழுத்துகளை நான்தான் படிக்காமல் கையெழுத்திட்டேனா என்பதுதான் என் கேள்வி. முன்பே படித்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன். 'வாழ்க்கையும் அப்படித்தானே' என்ற பதில் மட்டும் வேண்டாம்.

மைக்கூடு

நண்பரே, சிறிய எழுத்துகள் என்றீர்கள். அவை பெரிய எழுத்திலேயே இருந்தன, அட்டையின் மேல். எனக்கும் இரண்டாம் வாசிப்பில்தான் கண்ணில் பட்டது என்பதால் இதைக் குத்திக்காட்டுவதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இந்த உலகத்தில் யூஸ் என்ற ஆதி மூதாதை விதித்த இரண்டு விதிகள் உண்டு. மறுபக்கத்தை, அதாவது பேய்களின் உலகத்தை, நேரடியாகத் தொடக்கூடாது என்பது முதல் விதி. மனித இறைச்சியை உண்ணக்கூடாது என்பது இரண்டாம் விதி. பயாஸின் எதிரி மந்திரவாதியான கலூலும் அவனுடைய 'ஈட்டர்'களும் (மனித இறைச்சி உண்பவர்கள்) இரண்டாம் விதியை மீறியவர்கள் என்று பயாஸ் மூன்று நாவல்களிலும் நீதிமான் போலக் கொதிக்கிறார். ஆனால் அவர் தேடிப்போகும் விதை மறுபக்கத்தின் பொருள். அதைக் கையில் எடுப்பதே முதல் விதியை மீறும் செயல். முத்தொகுதியின் பெயரே 'முதல் விதி'. நாம் நாயகன் என்று நினைத்தவர் செய்யப்போகும் குற்றத்தின் பெயரை முகப்பில் எழுதிவிட்டுத்தான் ஆசிரியர் கதையைத் தொடங்குகிறார். அதோடு முடியவில்லை. பயாஸின் சீடனான யோரு சல்ஃபரே ஓர் ஈட்டர் என்பது மூன்றாம் நாவலில் பற்களால் ஆட்களைக் கிழிக்கும் காட்சியில் தெரியவரும்போது, இரண்டாம் விதியைப் பற்றிய கொதிப்பும் பொய்தான் என்று ஆகிறது.

மூன்றாம் நாவலின் தலைப்பையும் பாருங்கள். 'அரசர்களின் கடைசி வாதம்' என்ற பொருள்படும் லத்தீன் தொடரைப் பிரான்சின் பதினான்காம் லூயி தன் பீரங்கிகளில் பொறித்து வைத்திருந்தார். பேச்சு தீர்ந்த இடத்தில் பேசும் ஆயுதம் என்று பொருள். முதல் நாவலின் தலைப்பான 'தி பிளேட் இட்செல்ஃப்' என்பதும் ஹோமரின் வரி ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டதுதான்: கத்தியே வன்முறைக்குத் தூண்டுகிறது என்பது அதன் கருத்து. இரண்டு தலைப்புகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால், கையில் விதையை வைத்திருக்கும் ஒருவர் அதைப் பயன்படுத்தாமல் இருப்பார் என்று நாம் எதை வைத்து நம்பினோம் என்ற கேள்வி எழுகிறது.

குறிப்புகள் சம்பவங்களிலும் இருந்தன. முதல் நாவலில் வாள்போட்டி நினைவிருக்கிறதா? பிரெமர் டான் கோர்ஸ்ட் என்ற பேருருவத்திடம் ஜெசல் தோற்றுக்கொண்டிருக்கிறான். திடீரென்று அவன் கைகால்களுக்கு வேகம் வருகிறது, எதிராளி சேற்றில் நடப்பவன் போலத் தெரிகிறான். கூட்டத்தில் பயாஸ் அமர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். ஜெசல் அதைத் தன் திறமை என்று நினைத்துக்கொள்கிறான். நாம் அங்கே சிரித்தோம். உண்மையில் ஒரு மனிதனின் வாழ்க்கையைக் கேட்காமலே எடுத்துக் கையாளத் தொடங்கிய இடம் அது. மூன்றாம் நாவலில் வரும் உழவர் கிளர்ச்சியும் இதே வகைதான். கிளர்ச்சித் தலைவனாக நின்ற 'டானர்' யார் என்பதை ஜெசல் ஒன்றுக்கொன்று வேறு நிறமான கண்களை வைத்துக் கண்டுகொள்ளும்போது, தான் மக்கள் நாயகன் ஆன கதையே நாடகம் என்று அவனுக்குப் புரிகிறது. அதே சல்ஃபர்தான்.

ஆகவே ஒப்பந்தம் கிழிக்கப்படவில்லை என்பது என் கருத்து. வழிகாட்டும் முதியவரை நம்பவேண்டும் என்று நமக்கு யாரும் இந்த நூலில் சொல்லவில்லை. மற்ற நூல்களில் கற்ற பழக்கத்தை நாம் இங்கே கொண்டுவந்தோம். அந்தப் பழக்கத்தின் மேல்தான் ஆசிரியர் கதையைக் கட்டியிருக்கிறார். திரைப்படப் படத்தொகுப்பாளராகப் பணிசெய்தவர் அவர். எந்தக் காட்சிக்கு அடுத்து எதை வைத்தால் பார்ப்பவர் எதைத் தாமாகவே நிரப்பிக்கொள்வார் என்பது அத்தொழிலில் இருப்பவருக்குத் தெரியும்.

இன்னும் ஒன்று. முதல் நாவலின் முதல் அத்தியாயத்தின் தலைப்பு 'முடிவு'. மூன்றாம் நாவலின் கடைசி அத்தியாயத்தின் தலைப்பு 'தொடக்கம்'. முதலில் லோகன் உயரத்திலிருந்து ஆற்றில் விழுகிறான், கடைசியிலும் உயரத்திலிருந்து ஆற்றில்தான் விழுகிறான். வட்டம் என்று சொல்லிவிடலாம். ஆனால் முதல் வீழ்ச்சியில் அவன் பிழைக்கவேண்டும் என்று நீங்கள் பதறியிருப்பீர்கள். கடைசி வீழ்ச்சியின்போதும் அதே பதற்றம் இருந்ததா என்று உங்களையே கேட்டுப்பாருங்கள். எனக்கு இல்லை. டவ் செய்தது துரோகம் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். வடநாட்டுக்காரன் ஒருவனின் நிலையில் நின்று பார்த்தால் அது துரோகமா என்பதிலேயே எனக்கு ஐயம் உண்டு.

பின்னிரவு வாசகன்

மைக்கூடு அவர்களே, முதல் விதியைப் பற்றிய உங்கள் விளக்கம் என்னை உட்கார வைத்துவிட்டது. ஆனால் லோகனைப் பற்றிச் சொன்னதை ஏற்கத் தயக்கமாக இருக்கிறது. அவன் தன் பழைய வாழ்க்கையை விட்டு விலக மூன்று நூல்களிலும் முயன்றவன் அல்லவா? பிளடி நைன் என்ற வெறி மேலேறும்போது அவன் அவனாகவே இல்லை. தன் கூட்டாளி துல் டுருவைக் கொன்றதுகூட அவன் அறிந்து செய்ததில்லை.

மைக்கூடு

அவன் அறியாமல் செய்தான் என்பது நமக்கு எப்படித் தெரியும்? அவன் சொல்லித்தான். அவனுடைய அத்தியாயங்களை அவன் தலைக்குள் இருந்தபடியே படிக்கிறோம். காயம்பட்ட, களைத்த, தன்னைத் தானே கேலிசெய்துகொள்ளும் ஒரு குரல். அதைவிட நம்பத்தகுந்த குரல் உலகில் இல்லை என்று தோன்றும்படி எழுதப்பட்டிருக்கிறது.

வடநாட்டு அரசன் பெத்தோட் சாகும்முன் பேசும் பக்கத்தை மீண்டும் எடுத்துப் படியுங்கள். பெத்தோட்டை நாம் முதல் நூலிலிருந்தே கொடுங்கோலன் என்றுதான் அறிவோம், ஏனென்றால் லோகன் அப்படித்தான் அறிவான். அங்கே தோற்று நிற்கும் அந்த மனிதன், தான் சமாதானம் செய்ய முனைந்த ஒவ்வொரு முறையும் லோகன்தான் இரத்தம் கேட்டான் என்றும், அவனைக் கட்டிவைக்க முடியாமல்தான் போர் போராக விரிந்தது என்றும் சொல்கிறான். அதற்கு லோகன் தரும் மறுமொழி என்ன? மறுமொழியே இல்லை. அடித்துக் கொல்கிறான். அவன் தரப்பில் ஒரே ஒரு சம்பவத்தையாவது எடுத்துச் சொல்லி மறுத்திருக்கலாம். வெறி மேலேறுகிறது என்ற வழக்கமான விவரிப்புகூட அந்த இடத்தில் துணைக்கு வரவில்லை.

பெத்தோட் சொன்னது முழு உண்மை என்று நான் சொல்ல வரவில்லை. அவனும் தன் கதைக்கு நாயகன்தான். ஆனால் அந்தப் பக்கத்துக்குப் பிறகு, முந்தைய ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களை ஒரு சாட்சியின் வாக்குமூலமாக மட்டுமே எடுத்துக்கொள்ள முடியும். முடிவின் உண்மையான அடி பயாஸிடம் இல்லை, இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். பயாஸ் நம்மை ஏமாற்றியதை மன்னித்துவிடலாம், அவர் மந்திரவாதி. லோகன் நம் நண்பன்.

தாழ்வாரம்

இருவரும் மிக நன்றாக எழுதியிருக்கிறீர்கள். எனினும் இந்த உரையாடல் இதுவரை போயிருக்கும் திசையில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு, அதைச் சொல்லிவிடுகிறேன். கேள்வி கேட்டவர் எல்லோருடைய முடிவையும் பட்டியலிட்டார்; தெரெஸின் பெயரும் வெஸ்டின் தங்கை ஆர்டியின் பெயரும் அதில் இல்லை. பதில் எழுதியவரும் அவர்களைத் தொடவில்லை. இது உங்கள் குற்றம் என்று நான் நினைக்கவில்லை. நூலே நம்மை அப்படிப் படிக்கப் பழக்கியிருக்கிறது.

அரசி தெரெஸ் பெண்களை நேசிப்பவள். அவளுடைய துணை ஷலேர். ஜெசலுடன் நடந்த திருமணம் அரசியல் ஏற்பாடு. அவன் அவளை நெருங்கும்போதெல்லாம் அவள் வெறுப்போடு விலக்குகிறாள். ஜெசல் தன் மனக்குறையைச் சொல்ல, க்ளோக்டா அவளிடம் போய், ஷலேருக்கு என்னவெல்லாம் நேரக்கூடும் என்பதைப் பொறுமையாக விளக்குகிறார். வாரிசு வேண்டும், சிரித்த முகமும் வேண்டும். அடுத்த முறை ஜெசல் போகும்போது கதவு திறக்கிறது. அவனுக்குக் காரணம் தெரியாது, தன் கவர்ச்சி வென்றது என்று மகிழ்கிறான். நமக்குத் தெரியும்.

இந்தக் காட்சி எழுதப்படக்கூடாது என்று நான் வாதிடவில்லை. மாறாக, முத்தொகுதியில் மிகவும் துணிச்சலான காட்சி இதுதான் என்றுகூடச் சொல்வேன். இரண்டரை நூல்களாக க்ளோக்டாவின் நகைச்சுவைக்கு நாம் சிரித்திருக்கிறோம். படிக்கட்டுகளைச் சபித்துக்கொண்டு அவர் ஏறும்போது நம் முழங்காலும் வலித்திருக்கிறது. மேலே பல்லை உடைத்த இடத்தில் கீழே விட்டுவைத்தும், கீழே உடைத்த இடத்தில் மேலே விட்டுவைத்தும், எந்தப் பல்லும் எந்தப் பல்லோடும் சேராதபடி எதிரிகள் அவரைச் செய்துவைத்ததை நினைத்து, அவர் கஞ்சி குடிப்பதைப் பார்த்து இரங்கியிருக்கிறோம். 'நான் ஏன் இதைச் செய்கிறேன்' என்று அவர் தம்மைத் தாமே கேட்கும்போதெல்லாம், உள்ளே நல்லவர் ஒருவர் இருக்கிறார் என்று நாமே விடை எழுதிக்கொண்டோம். தெரெஸின் அறையில் அந்த விடை செல்லாது என்று ஆகிறது.

என் புகார் வேறு. அந்தக் காட்சிக்குப் பிறகு தெரெஸின் பக்கம் நூல் திரும்பவே இல்லை. விலை கொடுத்தவளின் முகத்தைக் காட்டாமல், விலையைப் பெற்றவர்களின் மனக்கசப்பை மட்டும் காட்டி முடிக்கிறது. ஃபெரோவின் நிலையும் ஏறக்குறைய அதேதான். முதன்மைப் பார்வைகளில் ஒரே பெண் அவள். அடிமையாக விற்கப்பட்டவள், பழிவாங்குவதைத் தவிர வேறெதையும் விரும்பாதவள். இரண்டாம் நூலில் லோகனோடு அவளுக்கு உருவான அந்தத் தயக்கமான நெருக்கத்தை எவ்வளவு நுட்பமாக எழுதியிருந்தார்! விதையை ஏந்தக்கூடிய இரத்தம் உடையவள் என்பதால் அவள் ஒரு கருவியாகப் பயன்படுகிறாள், பயன்பட்ட பிறகு கதையிலிருந்து நடந்து வெளியேறிவிடுகிறாள். அவளுக்கு இது முடிவு என்று சொல்வதைவிட, ஆசிரியர் அவளைக் கீழே வைத்துவிட்டார் என்று சொல்வதே பொருந்தும்.

இருட்டு அதிகம் என்பவர்களுக்கு நான் சொல்வது, அது போதவில்லை என்பதே. எல்லா இடங்களிலும் விளக்கை அணைத்தவர், மிகவும் வலிக்கும் இரண்டு அறைகளின் கதவை மட்டும் மெதுவாகச் சாத்திவிட்டுப் போய்விட்டார்.

நெடுங்கணக்கு

தாழ்வாரம் சொன்னதோடு தெரெஸ் விஷயத்தில் முழுவதும் உடன்படுகிறேன். ஃபெரோ விஷயத்தில் பாதி.

நான் எழுத நினைத்தது வேறொன்று. சிலப்பதிகாரத்தில், அரசியல் பிழைத்தவருக்கு அறமே கூற்றுவனாகும் என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். அங்கே பாண்டியன் தன் தீர்ப்பு தவறு என்று அறிந்த கணத்திலேயே அரியணையில் உயிர்விடுகிறான். யாரும் அவனைத் தண்டிக்க வேண்டியிருக்கவில்லை, தெரிந்துகொண்டதே தண்டனை. அங்கேயும் ஒரு நகரம் எரிகிறது, ஆனால் அரசனின் பிழைக்குப் பின், அதற்கு மறுமொழியாக. ஆதுவா எரிவது எந்தப் பிழைக்கும் மறுமொழியாக அல்ல. அது ஒரு வெற்றியின் செலவு. செலவு செய்தவர் அதைத் தெரிந்தே செய்கிறார், தெரிந்துகொண்டதால் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. நம்மில் பலர் இந்த முடிவைத் தாங்க முடியாமல் போவதற்குச் சாவுகளின் எண்ணிக்கை காரணம் இல்லை என்று நினைக்கிறேன். அறிவதற்கும் அழிவதற்கும் இடையே நாம் எதிர்பார்க்கும் அந்த இழை அறுந்துகிடப்பதுதான் காரணம்.

கொலெம் வெஸ்டின் கதையில் மட்டும் அந்த இழை ஓரிரு இடங்களில் தென்படுகிறது. அதனால்தான் எனக்கு அவன் முடிவு மற்ற எல்லோருடையதையும்விடக் கனமாக இருந்தது. கேள்வி கேட்டவர் அவனை நேர்மைக்காக உழைத்தவன் என்று எழுதியிருக்கிறார். உண்மை. ஆனால் முதல் நூலில் அவன் தன் தங்கை ஆர்டியை அடிக்கிறான். அந்தப் பக்கத்தைப் பலர் வசதியாக மறந்துவிடுகிறார்கள். இரண்டாம் நூலில் பட்டத்து இளவரசன் லாடிஸ்லாவைப் பாறை விளிம்பிலிருந்து தள்ளிக் கொல்கிறான். அந்த இளவரசன் ஒரு பெண்ணிடம் அத்துமீற முயன்றவன் என்பதால் நாம் கைதட்டினோம். அதன் பிறகுதான் அவன் படிப்படியாக உயர்ந்து லார்டு மார்ஷல் ஆகிறான். நல்லவன் ஒருவன் நல்ல நிலைக்கு வந்தான் என்ற கதையாக அதை நினைவில் வைத்திருக்கிறோம், ஆனால் அந்தப் படிகளில் ஒன்று கொலை.

விதை வெடித்த பிறகு அவனைத் தாக்கும் நோயை, கதிர்வீச்சின் விளைவு என்று இன்று படிக்கும் எவரும் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். நூலுக்குள் இருப்பவர்களுக்கு அதற்குப் பெயர் இல்லை. வென்ற பக்கத்தின் தளபதி, வென்ற ஆயுதத்தாலேயே கரைகிறான். அவன் படுக்கையருகே க்ளோக்டா வரும் காட்சிதான் எனக்கு இந்த முத்தொகுதியின் உச்சம். சிறையிலிருந்து உருக்குலைந்து திரும்பிய தன்னைப் பார்க்க நண்பன் வரவே இல்லை என்று க்ளோக்டா ஆண்டுக்கணக்கில் கசந்திருந்தார். வெஸ்ட் வந்திருந்தான், க்ளோக்டாவின் தாய்தான் திருப்பி அனுப்பினாள் என்பது முதல் நூலிலேயே தெரியவந்துவிட்டது. இப்போது இடம் மாறிப் படுத்திருப்பவன் வெஸ்ட், பார்க்க வந்திருப்பவர் க்ளோக்டா. ஆர்டியைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும். அவள் வயிற்றில் வளர்வது அரசனின் பிள்ளை. அது வெளியே தெரிந்தால் அவள் உயிர் தங்காது. க்ளோக்டா அவளை மணக்கிறார்.

இதே மனிதர்தான் தெரெஸின் அறைக்கும் போகிறார். ஒன்றை வைத்து மற்றொன்றைக் கழிக்க முடியாது, இரண்டும் அப்படியே நிற்கின்றன. 1987இல் வெளிவந்த 'வார்ஹாமர் 40,000' விளையாட்டின் முகப்பு வாசகத்திலிருந்து பிறந்த 'கிரிம்டார்க்' (கொடூரமும் இருளும் நிறைந்த கதை) என்ற சொல்லை இந்நூல்களுக்கு முத்திரையாகக் குத்துகிறார்கள். ஆசிரியரே விளையாட்டாக அதைத் தம் சமூக ஊடகப் பெயரில் சூட்டிக்கொண்டார். எனக்கு அந்தச் சொல் போதவில்லை. எங்கும் ஒரே கறுப்பு என்றால் அந்தப் படுக்கையறைக் காட்சி அவ்வளவு வலித்திருக்காது.

தாழ்வாரம்

ஆர்டியின் திருமணத்தை நீங்கள் எடுத்துக்காட்டியது சரி. அந்த வீட்டில் அவர்கள் இருவரும் பேசிக்கொள்ளும் முறையில் உண்மையான தோழமை இருக்கிறது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஃபெரோவில் 'பாதி உடன்பாடு' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டீர்களே?

நெடுங்கணக்கு

மன்னிக்கவும், வெஸ்ட் இழுத்துக்கொண்டு போய்விட்டான். ஃபெரோ மட்டும்தான் பயாஸிடமிருந்து வெளியேறுகிறாள் என்பதே நான் சொல்ல வந்தது. அரசன் வெளியேறவில்லை. க்ளோக்டா வெளியேறவில்லை, வெளியேற விரும்பவும் இல்லை. பயாஸின் பழைய தோழரான மந்திரவாதி யுல்வெய் உண்மையைக் கேட்ட குற்றத்துக்காகக் கோபுரத்துக்குள் அடைக்கப்படுகிறார். தலைக்குள் குரல்களோடுதான் என்றாலும், யாருடைய அனுமதியும் இல்லாமல் தன் வழியில் நடந்துபோகிறவள் அவள் ஒருத்திதான். அதை ஆசிரியர் இன்னும் இரண்டு பக்கம் எழுதியிருக்கலாம் என்பதில் எனக்கும் மாற்றுக்கருத்து இல்லை.

ஊமத்தை

நான் சுருக்கமாக ஒரு மாற்றுக்கருத்தைப் பதிவுசெய்கிறேன். மேலே உள்ள விளக்கங்கள் அனைத்தும் சரியாகவே இருக்கட்டும். குறிப்புகள் இருந்தன, தலைப்பு சொன்னது, வட்டம் மூடியது. ஆனால் நன்றாகத் திட்டமிட்ட ஏமாற்றமும் ஏமாற்றமே. மூன்றாம் நாவலின் கடைசிப் பகுதியில் பயாஸ் தம் திட்டங்களைத் தாமே விளக்கும் உரையாடல்கள் அடுத்தடுத்து வருகின்றன: ஜெசலிடம் ஒரு முறை, க்ளோக்டாவிடம் மற்றொரு முறை. அரசன் அரச இரத்தமே இல்லாதவன் என்பதும், வாலின்ட் அண்டு பால்க் வங்கி தன்னுடையது என்பதும் அவர் வாயாலேயே வருகின்றன. வாசகர் தாமே கண்டுபிடித்திருக்கவேண்டியதை வில்லன் நின்று விரிவுரை ஆற்றுகிறார். முந்தைய இரண்டு நூல்களில் இருந்த நுட்பம் அங்கே எங்கே போயிற்று?

ஜெசலைப் பற்றி யாரும் நின்று பேசவில்லை என்பதையும் கவனித்தேன். மனிதர்கள் மாறுவதில்லை என்பதுதான் இந்நூலின் செய்தி என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். ஜெசல் மாறினான். தாடை உடைந்து, பசியில் நடந்து, அகந்தை தேய்ந்து, முற்றுகையின்போது நகரத்தைவிட்டு ஓடாமல் நின்று, மக்களுக்கு ஏதாவது நன்மை செய்யவேண்டும் என்று உண்மையிலேயே விரும்பும் ஒருவனாக ஆனான். பயாஸ் மந்திரத்தால் அவன் உடலை முறுக்கி, வாந்தியெடுத்துத் தரையில் கிடக்க வைத்து, நீ கோழை என்று அவனை நம்பவைக்கிறார். நல்லவனாக மாறியவனுக்கு அந்த மாற்றத்தால் ஒரு பயனும் இல்லாமல் செய்வது, மாறாமலே இருப்பதைவிடக் கொடுமை. எனக்கு அது பிடிக்கவில்லை. நன்றாக எழுதப்பட்டிருந்தும் பிடிக்கவில்லை என்று சொல்ல வாசகனுக்கு உரிமை உண்டு அல்லவா?

மைக்கூடு

உரிமை உண்டு, விரிவுரைகளைப் பற்றிய உங்கள் குறையும் நியாயமானது. பயாஸ் தற்பெருமைக்காரர், பேசாமல் இருக்க முடியாதவர் என்று சமாளித்துப் பார்க்கலாம். சமாளிப்புதான் அது.

தொடர்ந்து படிக்கலாமா என்று யாராவது கேட்டால் என் பரிந்துரை இது: 2009 முதல் 2012 வரை வெளிவந்த மூன்று தனி நாவல்களை இடையில் விட்டுவிடாமல் படித்துவிட்டு, பிறகு 2019இல் தொடங்கி 2021இல் முடிந்த இரண்டாம் முத்தொகுதிக்குப் போங்கள். அடுத்த தலைமுறையின் கதை அது, தொழிற்சாலைகள் புகை கக்கத் தொடங்கிய ஆதுவா. என்ன நடக்கிறது என்று சொல்லமாட்டேன். அந்த வங்கியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தாழ்வாரம் கேட்ட கேள்விகளில் ஒன்றிரண்டு ஆசிரியரையும் உறுத்தியிருக்கின்றன என்பது அங்கே தெரியும்.

பின்னிரவு வாசகன்

அனைவருக்கும் நன்றி. தெரெஸை என் பட்டியலில் விட்டுவிட்டதை நினைத்து வெட்கப்படுகிறேன். அந்தக் காட்சியைப் படித்தபோது நெஞ்சடைத்தது, இருந்தும் எழுதும்போது அவள் பெயர் கைக்கு வரவில்லை. ஊமத்தை சொன்ன ஜெசலின் வாதத்துக்கு என்னிடம் மறுமொழி இல்லை, மறுக்கவும் விரும்பவில்லை.

மைக்கூடு சொன்னபடி பெத்தோட்டின் பக்கத்தை எடுத்துப் படித்தேன். நீங்கள் சொன்னது சரி, லோகன் எதையும் மறுக்கவில்லை. நேற்று இதே பக்கத்தைப் படித்தபோது, அடி, விடாதே என்று மனதுக்குள் கத்தியது நினைவுக்கு வந்தது.

அதன் பிறகு முதல் நாவலின் முதல் அத்தியாயத்தைத் திறந்தேன். ஈரக் காட்டுக்குள் ஷங்காக்கள் என்ற கொடிய உயிரினங்கள் துரத்த அவன் ஓடிக்கொண்டிருக்கிறான், கூட்டாளிகள் எங்கே என்று தெரியவில்லை. ஆற்றில் விழுந்து பிழைத்து, கலைந்துகிடக்கும் முகாமுக்குத் திரும்பி வந்து, எஞ்சியிருக்கும் தன் பழைய சமையல் பானையைக் கண்டெடுத்து மகிழ்கிறான். போன முறை அந்தப் பானைக்காகவே அவனை எனக்குப் பிடித்துப்போயிற்று. இந்த முறையும் பிடித்துத்தான் இருக்கிறது, மூன்றாம் அத்தியாயம் வரை வந்துவிட்டேன்.